மூன்று வாரம் ஓஸையே பார்த்தோம், கோளாறு கண்ணில் படவில்லை. ஏன்?

கேரட்தோட்டம்:
கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர் கேரட். மேலே சோலை ஓரத்து ஊற்றிலிருந்து ஓஸ் போட்டு இறக்குகிறோம், மோட்டார் கிடையாது. பிப்ரவரியில் தண்ணீர் நூலாக மெலிந்து, அப்புறம் நின்றே போனது. போன வருஷம் காட்டுப்பன்றி ஓஸைக் கடித்து வைத்திருந்ததால் இந்த முறையும் பன்றிதான் என்று முடிவுகட்டி, நானும் மாமாவும் மூன்று வாரம் ஓட்டை தேடினோம். எங்காவது ஈரம் தெரிந்தால் "பாத்தியா" என்பார் மாமா, உடனே வெட்டி ஒட்டுவோம். பனி ஈரம் அது! 60 மீட்டர் புது ஓஸ் வேறு வாங்கியாயிற்று. கடைசியில் லீவுக்கு வந்த தங்கை மகள்தான், "வழியில எங்கயும் ஒழுகலையே, உள்ளேதானே அடைச்சிருக்கணும்" என்றாள். பாறை மேல் ஓஸ் ஏறி இறங்கும் இடத்தில் காற்று நின்றிருக்கிறது. இணைப்பைக் கழற்றியதும் புஸ்ஸென்று போய்த் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருஷமாக ஓஸோடு மாரடிக்கிற எங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

கூடலூர் வாத்தியார்:
அந்த இருபது வருஷம்தான் காரணம். 1942-இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஜாடிக் கணக்கு ஒன்று உண்டு. 21, 127, 3 கொள்ளும் ஜாடிகளால் 100 அளக்க வேண்டும். 127-ஐ நிரப்பி, 21 ஒரு தடவையும் 3 இரண்டு தடவையும் எடுத்தால் சரி. இதே வழியில் தீரும் கணக்குகளாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் 23, 49, 3 வைத்து 20 கேட்டார். 23-இல் 3 போனால் முடிந்தது. பழகினவர்களில் பலர் 49-ஐ நிரப்பி அதே சுற்றுவழியில் போனார்கள், புதிதாக வந்தவர்கள் நேராகப் போட்டார்கள். உங்கள் தங்கை மகளுக்குப் பன்றிக் கதை தெரியாது, அவ்வளவுதான்.

மன்னவனூர்:
அனுபவத்தை மட்டும் திட்டாதீர்கள் சார். பன்றி கடிப்பது உண்மைதானே, முதல் நாள் அதைத் தேடியது தப்பே இல்லை. ஈரத்தைப் பார்த்ததும் "பாத்தியா" என்றதுதான் கோளாறு. நம் எண்ணத்துக்கு ஒத்துவருவதை மட்டும் பொறுக்குகிறோம், அது பொய்யானால் என்ன தெரியும் என்று யாரும் பார்ப்பதில்லை. ஊற்று முனையில் கை வைத்திருந்தால் போதும் அண்ணா. வழியில் ஓட்டை என்றால் அங்கே தண்ணீரை இழுக்கும், அடைப்பு என்றால் இழுக்காது. இரண்டு நிமிஷ வேலை.

கேரட்தோட்டம்:
அதைச் செய்யவே இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து எஸ்டேட்டில் இலை பறிக்கும் அக்கா முதல் வாரமே "காத்து அடைச்சிருக்கும்" என்றார். மாமா சிரித்தார். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் அவர் முன்னால் எப்படிச் சொல்வது? புது ஓஸுக்குக் காசு கொடுத்த பிறகு வாயே வரவில்லை.

மன்னவனூர்:
அப்படியென்றால் ஜாடிக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம்! சரி, பாறை உச்சியில் ஓஸில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுச் சின்ன டேப் வையுங்கள். ஊற்று மெலியும் மாதங்களில் திரும்பவும் காற்று நிற்கும், திறந்துவிட்டுத் தண்ணீர் தெறித்ததும் மூடிவிடுங்கள். அந்த அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.