புதுப்பிப்பு: ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள், எது கைகொடுத்தது

ஏழாம் வகுப்பில் 9 பேருக்கு வாசிக்க வரவில்லை, வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, என்ன செய்யலாம் என்று போன பருவத்தில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரியுங்கள்" என்ற யோசனைதான். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என நான்கு படிகளில் ஒவ்வொருவரையும் தனியாகச் சோதித்தேன். ஆளுக்கு 5 நிமிடம் போதும். பிறகு பள்ளி நேரத்துக்குள்ளேயே தினமும் 40 நிமிடம் வாசிப்புப் பயிற்சி, 12 வாரம். மாலையில் வைத்திருந்தால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஓடும் பிள்ளைகள்தான் முதலில் விடுபட்டிருப்பார்கள்.

சிக்கல் நான் நினைத்த இடத்தில் இல்லை. தனி எழுத்துகள் தெரிந்தன. கொம்பும் காலும் இருபக்கமும் வரும் இடத்தில்தான் தடுக்கியது. 'கொடி' என்பதை 'கெடி' என்று படித்தார்கள், காலைக் கண் தாண்டிவிடுகிறது. கெ, கே, கொ, கோ அட்டைகளைக் கலைத்துப் போட்டு இரண்டு வாரம் பழக்கியதும் சரியானது.

கீழ் வகுப்புப் பாடநூலை மட்டும் கொடுக்காதீர்கள். அட்டையைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிடும். ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தையே நாலு வரியாகச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன்.

இப்போது 6 பேர் பத்தி வாசிக்கிறார்கள், ஒருவர் வாக்கியத்தில். இன்னொருவருக்கு விடுப்பு அதிகம், சொல்லிலேயே நிற்கிறார். ஒன்பதாவது பிள்ளைக்கு வாசிப்புக் குறையே இல்லை, பார்வைக் குறைதான்! சோதனைக்கு முன்னால் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.