பின்வெடியா, எதிர்வெடியா?

வணக்கம். எஞ்சின் பழுதறியும் பாடம் நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. இக்னிஷன் பகுதியில் 'பேக்ஃபயர்' (பெட்ரோல் கலவை பற்றக் கூடாத நேரத்திலோ இடத்திலோ பற்றி 'டப்' என்று அடிப்பது) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி முட்டிக்கொண்டு நிற்கிறேன். 'பின்வெடிப்பு' என்றுதான் எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்க்கும்போது இந்த வரி கண்ணில் பட்டது: "டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வெடிப்பு இருந்தால் பின்வெடிப்பு உண்டாகும்." (டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது.) முதலாவது கீறல், இரண்டாவது சத்தம். படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

———

'வெடி'யோடு நிறுத்துங்கள் ஐயா. வெடிப்பைப் பித்தவெடிப்புக்கே விட்டுவிடலாம். ஆனால் சிக்கல் 'பின்'னில் இருக்கிறது. தொல்காப்பியர் அதை ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளிலும் சொல்கிறார். 'பின்முன் கால்கடை வழியிடத்து' என்று காலம் காட்டும் எச்சங்களிலும் சேர்க்கிறார். உங்கள் பின், பின்பக்கமா, பிறகா? 'முன்'னும் இப்படித்தான். முன்பு நடந்தது கடந்துபோனது. முன்னால் இருப்பதோ இனி வரப்போவது. இதை விரிவாக எழுத வேண்டும்.

———

நிதானமாக எழுதுங்கள் ஐயா, முதலில் வண்டியைப் பார்ப்போம். பேக்ஃபயர் என்று சொல்வதில் இரண்டு வெவ்வேறு அடி உண்டு. சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல்-காற்றுக் கலவை, புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்டில் போய்ப் பற்றினால் சைலன்சரில் 'டப்'. பொறி தரும் பிளக் செத்திருக்கும், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் விட்டுவிட்டு வேலை செய்யும், அல்லது பொறி விழும் நேரம் (டைமிங்) பிந்தியிருக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பக்கம் திருப்பி அடித்தால், கலவை உள்ளே வரும் இன்டேக் வால்வு மூடுவதற்குள் பொறி விழுந்திருக்கலாம்.

என் மாணவர் ஒருவர் மூன்று மணி நேரம் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் 3-ஆம், 4-ஆம் சிலிண்டர்களின் பிளக் வயர்கள் இடம் மாறியிருந்தன. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-4-2. 3-க்கு உரிய பொறி 4-இல் விழும்போது அங்கே இன்டேக் வால்வு முழுதாக மூடியிருக்காது. 4-க்கு உரியது 3-இல் விழும்போது அங்கே எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிற நேரம். கார்புரேட்டரிலும் அடிக்கும், சைலன்சரிலும் அடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே பென்சிலால் கீறியது போல் கரிக்கோடு இருந்தாலும் பொறி அதன் வழியே பக்கத்து முனைக்குத் தாவும்.

———

அப்படியென்றால் சைலன்சருக்குப் 'பின்வெடி' கச்சிதம்: பின்பக்கமும் சரி, பிறகும் சரி. வந்த வழியே திரும்புவது 'எதிர்வெடி'.

———

எதிர்வு என்றால் இலக்கணத்தில் வருங்காலம். எதிர்வெடி, இனிமேல் வெடிக்கப்போவது ஆகிவிடும். 'மீள்வெடி' என்க.

———

மீள்பதிவு, மீளாய்வு போல, மறுபடி ஒரு தடவை வெடிப்பதா? எனக்கென்னவோ இந்த மூன்றுமே வேண்டாம். 'பேக்ஃபயர்' என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

———

புரிகிறது அம்மா, ஆனால் எந்தப் பக்கம் அடித்தது என்று அந்தச் சொல் சொல்வதில்லையே. பாதிப் பேர் சைலன்சர் சத்தத்துக்கும் அதையே சொல்கிறார்கள், பிறகு கழற்றுவது கார்புரேட்டரை.

———

மணி பதினொன்று. பின்வெடி, எதிர்வெடி இரண்டையும் போடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் பக்கத்தில் பேக்ஃபயரும் இருக்கும். மூடி வரியை 'விரிசல்' என்று திருத்திவிட்டேன். மீள்வெடிக்காரர் பொறுத்தருள்க.

———

பொறுக்கவில்லை, மறுப்பைப் பதிவு செய்கிறேன். அதோடு, எரிச்சலில் மிகுகிற 'ச்' விரிசலில் ஏன் மிகவில்லை?