போக்கிமான் கேம், செட்டைட்டன்: லெவல் 50-ல மட்டும் சிட்ரஸ் பெர்ரியைத் தின்ன மாட்டேங்குது, ஏன்?

குடந்தைப்_பனி:
போக்கிமான் ஸ்கார்லெட் கேம்ல வளர்த்த செட்டைட்டன் (ஐஸ் டைப் போக்கிமான்). அடமன்ட் நேச்சர் (அட்டாக்கைக் கூட்டுற குணம்), ஐ.வி. (பிறவிப் புள்ளி) எல்லாம் 31, ஈ.வி. (பயிற்சியில ஏத்துற புள்ளி) எச்.பி.க்கு (உயிர்ப்புள்ளிக்கு) 252, அட்டாக்குக்கு 252. மூவ் நாலு: பெல்லி ட்ரம் (பாதி எச்.பி.யைக் குடுத்து அட்டாக்கை உச்சத்துக்கு ஏத்துறது), ஐஸ் ஸ்பின்னர், எர்த்க்வேக், ஐஸ் ஷார்ட். கையில சிட்ரஸ் பெர்ரி (எச்.பி. குறைஞ்சா தின்னு ஏத்திக்கிறது). லெவல் 100-ல கதைக்குள்ள ஆடுறப்ப ட்ரம் அடிச்சதும் பெர்ரியைத் தின்னுடுது. தஞ்சாவூர்ல ஞாயித்துக்கிழமை ஆடுறப்ப எல்லாத்தையும் லெவல் 50-க்கு இறக்குறாங்க, அங்க தின்னலை. டீம்ல இருக்கிற ஸ்லோகிங்ங்கிற போக்கிமான் பனி கொட்ட வச்சும் வேகமும் ஏறலை. என்ன பண்ணலாம்ணே?

வெண்ணாறு:
தம்பி, எச்.பி. ஒத்தைப்படை ஆயிடுச்சு. உங்க கணக்குக்கு லெவல் 100-ல 544, லெவல் 50-ல 277. ட்ரம் பாதியை எடுக்கும், பின்னத்தை விட்டுடும். 277-ல 138 போனா மிச்சம் 139. பெர்ரி வேலை செய்யணும்னா எச்.பி. சரிபாதியிலயோ அதுக்குக் கீழயோ இருக்கணும். பாதி 138.5, நீங்க அதுக்கு அரைப் புள்ளி மேல நிக்கிறீங்க.

எச்.பி. ஈ.வி.யை 244 ஆக்குங்க. அதைப் பத்து குறைக்கிற போமெக் பெர்ரி ஒண்ணு குடுத்தா 242, மேல ஒண்ணொண்ணா ஏத்துற ஹெல்த் ஃபெதர் ரெண்டு. இப்ப எச்.பி. 276. ட்ரம் அடிச்சா 138, பெர்ரி 69 ஏத்தி 207 ஆயிடும்.

வேகத்துக்கு எபிலிட்டியை (போக்கிமானோட தனித்திறனை) பாருங்க, திக் ஃபேட்னு இருக்கும். பனியில வேகம் ரெட்டிப்பாகுறது ஸ்லஷ் ரஷ்ல மட்டும்தான். அதை மாத்த எபிலிட்டி கேப்ஸ்யூல் ஒண்ணு போதும், எபிலிட்டி பேட்ச் போட்டுடாதீங்க, அது ஷீர் ஃபோர்ஸ்ங்கிற வேற எபிலிட்டிக்குப் போயிடும். புதுசா வளர்க்கிறவங்க ஸ்னோ க்ளோக் எபிலிட்டி இருக்கிற செட்டாடிலா (செட்டைட்டனோட முந்தின வடிவம்) பாத்து ஐஸ் ஸ்டோன் குடுங்க, அதுதான் ஸ்லஷ் ரஷ்ஷா மாறும்.

நாகைத்_துறை:
வெண்ணாறு அண்ணன் கணக்கு சரி. ஆனா 244 எச்.பி. வச்சா மிச்ச ஈ.வி. 12-ஐ வேகத்துல போட்டாலும் 95 தான், பனியில 190. எதிராளியோட வேகமான போக்கிமான்களான ஃப்ளட்டர் மேன் 205, ட்ராகாபல்ட் 213 வரைக்கும் வரும். ட்ரம் அடிச்சு எச்.பி. குறைஞ்சு நிக்கிறப்ப இவங்க முந்திட்டா அவ்வளவுதான்.

நான் சொல்றது எச்.பி. 4, அட்டாக் 252, ஸ்பீட் 252. அடமன்ட்லயே வேகம் 125, பனியில 250. எச்.பி. 246, இரட்டைப்படை. அந்த 4-ஐ விட்டுடாதீங்க, 0 வச்சா 245 ஆயி பழையபடி பெர்ரி நின்னுடும். இறக்க போமெக் 25, அப்புறம் ஃபெதர் 2. ஸ்பீட் ஈ.வி.யை ஏத்த கார்போஸ்ங்கிற மருந்து 26 வேணும். செட்டைட்டனோட அடிப்படை எச்.பி.யே 170, அதுக்கு மேல எச்.பி.யில கொட்டுறது வீண்.

குடந்தைப்_பனி:
ரெண்டும் புரிஞ்சுதுண்ணே. பனி எத்தனை டர்ன் நிக்கும்? பனியை நீட்டிக்கிற ஐசி ராக்கை யார் கையில குடுக்கிறது?

வெண்ணாறு:
ஸ்லோகிங் கையில. பனி சாதாரணமா, சில்லி ரிசப்ஷன் (பனியைக் கொட்ட வச்சுட்டு வெளிய போற மூவ்) போட்ட டர்னையும் சேர்த்து அஞ்சு. ரெண்டாவது டர்ன் ட்ரம்முக்குப் போயிடும், அடிக்க மூணுதான் மிச்சம். முறைத்தண்ணி மாதிரி, வந்த நேரத்துக்குள்ள பாய்ச்சிடணும். ஐசி ராக் இருந்தா மொத்தம் எட்டு, அடிக்க ஆறு. ஸ்லோகிங் மெதுவானதால எதிராளி அடியை அதுவே வாங்கிக்கிட்டு வெளிய போகும், செட்டைட்டன் அடிபடாம உள்ள வரும். பனி கொட்ட வைக்கிற இன்னொரு போக்கிமான் அபோமாஸ்னோவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

நாகைத்_துறை:
இன்னும் சிலது. ஐஸ் டைப்புக்குப் பனியில டிஃபென்ஸ் ஒன்றரை மடங்கு ஆகும், அதனால சைசரோட புல்லட் பஞ்ச்சுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். டெரா போட்டு டைப்பை மாத்தினா அந்த ஒன்றரை மடங்கும் போயிடும், யோசிச்சுப் போடுங்க. ஃபயர்ல ஸ்பெஷல் அடி (டிஃபென்ஸைப் பாக்காத அடி) வந்தா பனி காப்பாத்தாது. வெயில் கொண்டுவர்ற டார்கோல், மழை கொண்டுவர்ற பெலிப்பர் உள்ள வந்தாலே பனி கலைஞ்சுடும், வேகமும் பாதியாயிடும். அன்அவேர் எபிலிட்டி இருக்கிற டோண்டோஸோ நிக்கிறப்ப ட்ரம் அடிக்காதீங்க, ட்ரம் ஏத்தின உங்க +6 அட்டாக்கை அது கண்டுக்கவே கண்டுக்காது. டாண்ட் (அடிக்கிற மூவ் தவிர மத்ததைத் தடுக்கிறது) போடுற ஆளுக்கு எதிரயும் அதே கதை, ட்ரம்மே அடிக்க முடியாது. டீம் பிரிவ்யூலயே (ஆட்டத்துக்கு முன்ன எதிராளி டீமைக் காட்டுறப்பவே) அதுங்க இருக்கான்னு பாத்துட்டு, முதல்ல அதுங்களை வேற ஆளை வச்சு முடிச்சுட்டு அப்புறம் ஸ்லோகிங்கை இறக்குங்க.