பரிசெல்லாம் சேவலுக்கே

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு மேற்கே, மதுரைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிராமத்துத் தென்னந்தோப்பில் நடந்த நாட்டுக்கோழிக் கண்காட்சிக்கு மாமாவுடன் போய் வந்தேன். தை மாதத்துக் காலை. தோப்புக்கு முன்பே கூவல் வந்துவிட்டதால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டமெல்லாம் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களைச் சுற்றித்தான். கிளியின் அலகைப் போல வளைந்த குட்டை மூக்கு, தடித்த கழுத்து, தரையில் புரளும் வால். சேவல் ஒவ்வொன்றாக நடுவர் முன் வந்து நின்றது. அவர் மூக்கைப் பார்த்தார், வாலை விரித்துப் பார்த்தார், நிற்கும் நிமிர்வைப் பார்த்தார். மயில், கீரி, காகம், வல்லூறு என்று நிறத்துக்கு ஒரு பெயர். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் சேவல்களை மோதவிடுவதைத் தடுக்கிறது. இங்கே அழகுக்குத்தான் போட்டி. இருந்தாலும் பக்கத்துக் கூண்டுக்காரனைப் பார்த்துக் கழுத்துச் சிறகைச் சிலிர்க்காத சேவல் ஒன்றுகூட இல்லை. ஒருவர் தம் சேவலுக்குச் சொன்ன விலையைக் கேட்டு மாமா, "இந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கிவிடலாமே" என்றார். உரிமையாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாட்டுக்கு இந்த வால் உண்டா அண்ணே?" என்று கேட்டார்.

கருங்கோழிக் கூண்டிலும் நெரிசல்தான். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் கடக்நாத். 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. தோல், கறி, எலும்பு வரைக்கும் கறுப்பு. முட்டையும் கறுப்பாக இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் வெளிறிய பழுப்பு முட்டையைப் பார்த்து ஏமாந்து போனார்கள்.

எனக்குப் பிடித்த பறவை போட்டியிலேயே இல்லை. தோப்பின் ஓரத்தில் ஒரு அம்மா பஞ்சாரத்தில் சிறுவிடை என்னும் சின்ன உடம்பு நாட்டுக்கோழிகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். விற்பனையைவிடப் பேச்சுதான் அவருக்கு அதிகம். போட்டிக்கு வந்த சேவல்களைப் போன்ற பெரிய உடம்புக் கோழிதான் பெருவிடை. அதன் பெட்டை கனமானது, அடையில் உட்கார்ந்தால் சில முட்டைகளை மிதித்து உடைத்துவிடும். அதனால் பெருவிடை வளர்ப்பவர்கள் பலர் அந்த முட்டைகளைச் சிறுவிடைக்குத்தான் வைக்கிறார்கள். இருபத்தொரு நாள் இடத்தைவிட்டு அசையாமல், இரைக்கு மட்டும் எழுந்து, ஊரான் பிள்ளையைப் பொரித்துக் கொடுக்கும் கோழி அது. "அங்கே கோப்பை வாங்குகிறதே, அதில் பாதி என் கோழியின் வயிற்றுச் சூட்டில் பொரித்ததாக இருக்கும்" என்றார் அந்த அம்மா. பாதி என்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் அடைக்கோழிக்கு ஒரு பரிசு வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. அவரிடமே ஒரு பெட்டையை வாங்கினேன்.

மேடையில் பேசிய கால்நடை மருத்துவர் கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் நோயைப் பற்றிச் சொன்னதை வளர்ப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. சந்தையிலிருந்தோ கண்காட்சியிலிருந்தோ வரும் கோழியை நேராக வீட்டுக் கோழிகளோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி வைத்துப் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் கொள்ளுக்குடிப்பட்டியில் காரை நிறுத்தினோம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் நத்தை குத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் அடைந்திருந்தன. இந்தப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் இது. காருக்குள்ளிருந்து நம் பெட்டை மட்டும் மரியாதை இல்லாமல் கொக்கரித்தது. மாமா சட்டென்று கண்ணாடியை ஏற்றினார்.

திருப்பத்தூர் தாண்டி வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி. குன்றக்குடி மலை தெரிந்ததும் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மயிலும் சேவலும் ஒரே சூரனின் இரண்டு பாதி, தெரியுமல்லவா? முருகனுக்கும் கொடியில் வைக்கச் சேவல்தான் கிடைத்தது, பெட்டையைக் கேட்க ஆளில்லை" என்றார். நாள் முழுக்க நான் புலம்பியதற்குப் பதில் போலும்.

காரைக்குடி வீட்டில் ஆச்சி கோழியைக் கையில் வாங்கி, இறகை ஊதிப் பேன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விலையைக் கேட்டார். சொன்னேன். "ஏமாற்றவில்லை" என்றார். இப்போது பின்கட்டில் தனியாகக் கட்டிக் கிடக்கிறது. பெருவிடை முட்டையைச் சிறுவிடைக்கு அடை வைத்தவர்கள் இருந்தால், ஒரு கோழிக்கு எத்தனை முட்டை தாங்கும் என்று சொல்லுங்கள். ஆச்சி ஒன்பது என்கிறார், மாமா பதின்மூன்றில் நிற்கிறார்.