அப்பப்பாவின் மீட்டர் யாரிடம்?

குழு: வெள்ளவத்தை வீடு

யாழினி: அப்பப்பாவின் மல்டிமீட்டர் யாரிடம் இருக்கிறது? இன்றைக்கே வேண்டும், அவசரம்.

பெரியப்பா: அலுமாரியில் இருந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு காணவில்லை.

குமார் சித்தப்பா: எனக்கா சொல்கிறீர்கள்?

பெரியப்பா: நான் ஒருவருடைய பெயரும் சொல்லவில்லையே.

கோகுலன்: தொடங்கிவிட்டது 🍿

சாந்தி மாமி டொரன்டோ: என்ன பிள்ளை, கரண்ட் பிரச்சினையா?

யாழினி: இல்லை மாமி. கம்பஸிலிருந்து கொண்டுவந்த கண்ணாடித் தகடுகள் குசினியில் இருந்தன. பெரியம்மா அவற்றைக் குத்துவிளக்கோடு சேர்த்து இரவு முழுக்கப் பழப்புளியில் ஊறப் போட்டுவிட்டா.

பெரியம்மா: அழுக்குக் கண்ணாடி என்று நினைத்தேன். ஞாயிறு அப்பப்பாவின் அந்தியேட்டிக் கிரியை, ஆட்கள் வருவினம். பிறகு சலவைச் சோடாவிலும் கழுவினேன். நல்ல பளிச்.

யாழினி: சோடாவுமா 😭

யாழினி: அது சும்மா கண்ணாடி இல்லை பெரியம்மா. ஒரு பக்கத்தில் மின்சாரம் கடத்தும் ஒட்சைட்டுப் பூச்சு இருக்கிறது. தலைமயிர்த் தடிப்பில் சில நூறில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. மூன்று விதம் கொண்டுவந்தேன்: அலுமினியம் கலந்த நாக ஒட்சைட்டு, வெள்ளீயம் கலந்த இந்தியம் ஒட்சைட்டு, அதாவது ஐடிஓ, புளோரின் கலந்த வெள்ளீய ஒட்சைட்டு, எஃப்டிஓ. நாகம் கட்டாயம் போயிருக்கும். அது அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும்.

சாந்தி மாமி டொரன்டோ: நாகமா? வீட்டுக்குள்ளேயா??

யாழினி: பாம்பு இல்லை மாமி. சிங்க்.

பெரியம்மா: அலுமினியச் சட்டியில் புளியும் வைக்காதே, சோடாவும் போடாதே என்று உன் அப்பம்மா சொல்லுவா. அது மாதிரியா?

யாழினி: அதேதான்! அப்பம்மாவுக்குப் பாதிக் கெமிஸ்ட்ரி தெரிந்திருக்கிறது.

சாந்தி மாமி டொரன்டோ: அம்மா எனக்கு இதெல்லாம் சொல்லித் தரவில்லை. மூத்த மருமகளுக்கு மட்டும்.

பெரியப்பா: சாந்தி, இப்போது வேண்டாம்.

குமார் சித்தப்பா: மற்ற இரண்டும்?

யாழினி: எஃப்டிஓ பிழைத்திருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தனியே அதை அசைக்காது. சிங்க் தூளும் சேர்த்தால்தான் அரிக்கும். ஐடிஓ கடும் ஹைட்ரோகுளோரிக்கில் கரையும், ஆனால் புளிக்கு அவ்வளவு வலு இல்லை. அதற்கு எமன் மின்னழுத்தம். மறை, அதாவது நெகட்டிவ், பக்கத்தில் மாட்டி அளவுக்கு மிஞ்சி அழுத்தம் கொடுத்தால் இந்தியம் உலோகமாகித் தகடு மண்ணிறமாகிக் கறுக்கும். ரொம்பத் தூரம் போனால் எஃப்டிஓவும் வெள்ளீயமாகிவிடும். நான் பார்க்க இருந்ததே அதுதான்: 0.1 மோலார் செறிவுள்ள சல்பூரிக் அமிலத்திலும் அதே செறிவுள்ள பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் காரத்திலும் எந்த அழுத்தம் வரை தாங்கும் என்று. சும்மா ஊறப் போட்டுப் பார்த்துவிட்டுத் 'தாங்கும்' என்று எழுதினால் சுப்பர்வைசர் துரத்துவார்.

கோகுலன்: பெரியம்மா பாதி ஆராய்ச்சி செய்து தந்திருக்கிறா. பெயர் போடு.

சாந்தி மாமி டொரன்டோ: போன் ஸ்கிரீனிலும் இதுதானாமே. நான் தேசிக்காய் பிழிந்த கையோடு தொடுகிறேன்.

யாழினி: அங்கே பூச்சு கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது மாமி. பயமில்லை.

குமார் சித்தப்பா: இதற்கு மீட்டர் எதற்கு?

யாழினி: மார்க்கரில் எழுதிய பெயர்களும் கழுவுப்பட்டுவிட்டன. மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கடத்தாதது சிங்க். மற்ற இரண்டில், சரித்துப் பிடித்தால் லேசாகப் பனிமூட்டம் படிந்த மாதிரித் தெரிவது எஃப்டிஓ.

குமார் சித்தப்பா: சரி. மீட்டர் என்னிடம்தான். அப்பா உயிரோடு இருக்கும்போதே தந்தார்.

பெரியப்பா: எப்போது?

குமார் சித்தப்பா: ரேடியோ திருத்தக் கொண்டுபோனபோது.

சாந்தி மாமி டொரன்டோ: ரேடியோவும் அங்கேயா??

கோகுலன்: அக்கா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதுசு வாங்கு. நிம்மதி.

பெரியம்மா: அந்தியேட்டிக்கு முகத்துவாரம் போக வேனில் எத்தனை பேர்? இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

பெரியப்பா: ஐயர் 6.30க்கு வரச் சொன்னார். ஏழுபேர் என்று நினைக்கிறேன்.

குமார் சித்தப்பா: நாங்கள் நேரே வருவோம். மீட்டரையும் கொண்டுவருகிறேன்.

யாழினி: ஞாயிறு வரைக்குமா சித்தப்பா? நாளை லேப் இருக்கிறது.

குமார் சித்தப்பா: தெஹிவளையில் நல்ல மழை. பார்ப்போம்.

பெரியப்பா: ரேடியோவைப் பற்றி நேரில் கதைப்போம்.

பெரியம்மா: யாழினி, எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு கண்ணாடி கிடக்கிறது. கழுவவா?

யாழினி: தொடாதீங்க!!!