காலையில் தண்ணீர்க் கிண்ணம் பாறையாகக் கிடக்கிறது, உங்கள் கோழிகள் எப்படிக் குடிக்கின்றன?

மூன்று குளிர்காலம் கோழிகளோடு கழித்தாகிவிட்டது, அதனால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். முதல் வருடம் இது ஒரு பிரச்சினை என்றே எனக்குத் தெரியாது. ஆறு பெட்டை, ஒரு சேவல். தாகமெடுத்தால் பனியைக் கொத்தித் தின்னும் என்று நினைத்தேன், தின்னவும் செய்தன, அதுதான் என்னை ஏமாற்றியது. ஒரே வாரத்தில் நாளுக்கு நான்கு முட்டை என்பது ஒன்றாகிவிட்டது. தீவனத்தைச் சந்தேகப்பட்டேன், பகல் குறைந்ததைச் சந்தேகப்பட்டேன், குடல்புழு மருந்துகூடக் கொடுத்துப் பார்த்தேன், தண்ணீர்ப் பக்கம் மட்டும் புத்தி போகவே இல்லை.

முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்குக் கால் லிட்டராவது குடிக்கும். அதைப் பனியாகத் தின்றால் வயிற்றுக்குள் உருக்க வேண்டும், உருக்குவதற்கு மட்டும் ஆகும் சூடு அதே தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகிற சூட்டுக்குச் சமம். அதற்குத் தீவனம் நிறையத் தின்ன வேண்டும், ஆனால் தண்ணீர் இல்லாத கோழி தீவனத்தையும் குறைத்துவிடும். பாவம், எங்கே போகும்?

காரணம் புரிந்ததும் அவசரப்பட்டு உறைந்திருந்த பிளாஸ்டிக் டிரிங்கரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். படீர் என்று ஒரு சத்தம், அடிப்பக்கம் முழுக்க விரிசல். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும் என்பதால் அது ஏற்கெனவே விறைத்துப்போய்த்தான் இருந்திருக்கும், மிச்சத்தை நான் முடித்துவைத்தேன்.

இப்போது செய்வது ரொம்பச் சாதாரணம்: ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ரப்பர் தொட்டி. ஒன்று வெளியே, ஒன்று வீட்டுக்குள். விடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு உறைந்ததை எடுத்து வருவேன், மதியம் ஒரு முறை மாற்றுவேன், அடையப் போவதற்குச் சற்று முன் இன்னொரு முறை. ரப்பர் வளையும் என்பதால் கவிழ்த்து மேலே ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி முழுசாக வந்துவிடும். வெயில் பட்டால் கறுப்பு கொஞ்சம் சூட்டையும் பிடித்துக்கொள்கிறது. நாளுக்கு மூன்று நடை என்பதுதான் சிரமம், வெளியூர் போக முடியாது.

*

உப்புத் தண்ணீர் பாட்டிலை யாராவது சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் உப்பைக் கரைத்து, இறுக மூடித் தொட்டியில் மிதக்கவிட்டால் தண்ணீர் உறையாது என்று கேள்விப்பட்டு நானும் செய்தேன். காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் இருந்தது மட்டும் தண்ணீராக இருந்தது, அதைச் சுற்றி நல்ல கெட்டியான பனிக்கட்டி! யோசித்தால் சரிதானே, உப்பு உள்ளே இருக்கும் தண்ணீரை உறையவிடாமல் தடுக்கும், வெளியே இருப்பதற்கு அது என்ன சூடா கொடுக்கிறது? காற்று அடிக்கிற இடத்தில் பாட்டில் ஆடி ஆடி மெல்லிய ஏட்டை உடைக்கும், அவ்வளவுதான். உப்பைக் குடிக்கிற தண்ணீரிலேயே போடலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம், கோழிக்கு அது விஷம். வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற உறைதடுப்பு திரவம் அதைவிட மோசம், இனிப்பாக இருக்கும், கொன்றுவிடும்.

*

என்னிடம் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, மூன்று நடையெல்லாம் கட்டாது. நிப்பிள், அதாவது கோழி கொத்தினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிற சின்ன முனை, அதைப் பொருத்திய வாளி வைத்திருந்தேன், சுத்தமாக இருக்கும், எச்சம் விழாது. அதில் ஒரு வினோதம். வாளிக்குள் தண்ணீர் தளதளவென்று இருக்கிறது, கோழிகளோ சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்கின்றன. கீழே தொங்குகிற உலோக ஊசி முதலில் உறைந்துவிடுகிறது, அதன் நுனியில் நிற்கிற ஒரு துளி போதும். மேலே எட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இரண்டு நாள் நான் திரும்பிப் போயிருக்கிறேன், நினைத்தால் இன்னமும் உறுத்துகிறது. இப்போது பக்கவாட்டில் பொருத்துகிற நிப்பிளுக்கு மாறிவிட்டேன், வாளிக்குள் தெர்மோஸ்டாட் உள்ள சின்ன ஹீட்டர். உறைநிலையை நெருங்கும்போது தானாக ஓடும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். கடுங்குளிர் என்றால் இதுவும் மக்கர் செய்யும், அதனால் தினமும் ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தட்டிப் பார்க்கிறேன். பார்ப்பது போதாது, தட்ட வேண்டும்.

மின்சாரம் என்றால் கசிவு வந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கிற பிரேக்கர் கண்டிப்பாக வேண்டும். வயர் இணைப்பு தரையில் கிடக்கக்கூடாது, கோழி எதையும் கொத்தும்.

*

மேலே சொன்னவரோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஹீட் லாம்ப் மட்டும் யாரும் தொங்கவிடாதீர்கள். 250 வாட் விளக்கு ஒன்றைத் தண்ணீருக்கு மேலே கட்டியிருந்தேன். ஒரு நாள் சேவல் பறந்து மோதி விளக்கு வைக்கோலில் விழுந்தது. நான் அப்போது தற்செயலாக உள்ளே இருந்தேன், காலால் அணைத்துவிட்டேன். கூட்டுக்குள் இறகுத் தூசு, வைக்கோல், மரம், இதைவிட நன்றாக எரிய வேறென்ன வேண்டும்?

இன்னொன்று, தொட்டியின் வாய் அகலமாக இருந்தால் பெரிய தாடி உள்ள சேவல் குடிக்கும்போது தாடி நனைந்துவிடும். நனைந்த தாடி குளிரில் உறைந்து, என் சேவலுக்கு நுனி கறுத்து உதிர்ந்துபோனது. குறுகலான விளிம்புள்ள பாத்திரமாக மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஈரம் சேரக்கூடாது என்று தண்ணீரையும் கூட்டுக்கு வெளியே, கூரை போட்ட இடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

*

ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கலாமா? புதிதாக வளர்க்கிறேன், அதனால் கேட்கிறேன்.

*

இருக்கலாம். இருட்டில் கோழி கம்பைவிட்டு இறங்காது, குடிக்காது. மாலையில் வயிறாரக் குடித்து அடைந்தால் போதும், ஆனால் விடிந்ததும் முதலில் தேடுவது தண்ணீரைத்தான், அங்கே தாமதிக்காதீர்கள். கோழிகள் அடைந்ததும் நான் தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்துவிடுவேன், காலையில் பனிக்கட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

*

செலவில்லாமல் ஒன்று. ஒரு பழைய தகர டப்பா, உள்ளே 40 வாட் குண்டு பல்பு, மூடி மேல் உலோக டிரிங்கர். லேசான உறைபனிக்கு அந்தச் சூடு போதும். பல்பில் தண்ணீர் படாமல், டப்பாவைச் சுற்றி வைக்கோல் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் பிரமாதமாக ஓடியது, மூன்றாம் வருடம் முதல் உறைபனியிலேயே தண்ணீர் கட்டியாகிவிட்டது. வயரைச் சோதித்தேன், ஹோல்டரை மாற்றினேன், டப்பாவைத் திறந்தால் விளக்கு ஜோராக எரிகிறது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பல்பு ஃபியூஸ் போனபோது வீட்டில் யாரோ கையில் கிடைத்த எல்.இ.டி.யை மாட்டியிருக்கிறார்கள். கோழிக்குச் சூடு வேண்டும், நாங்கள் வெளிச்சத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

*

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் டப்பாவைத் திறந்து பார்த்தேன். எல்.இ.டி.