எழும்போது நிலா ஏன் அவ்வளவு பெரிது? பினாங்கில் பார்த்தவர்களின் பகிர்வு

ஜெலுத்தோங் அன்பர்:
தைப்பூச மாலை ஏழரை, எட்டு மணி வாக்கில் படகுத்துறைப் பக்கம் நின்றால், எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு மேல் நிலா தாம்பாளம் மாதிரி எழும். கைப்பேசியில் எடுத்தால் புள்ளிதான். கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நிலாவின் அகலம் அரை பாகை. சாதாரண லென்ஸ் பிடிப்பது 70 பாகை வரை. 4,000 பிக்சல் படத்தில் நிலாவுக்கு 25, 30 பிக்சல்தான் கிடைக்கும்.

பிறை அன்பர்:
எழும் நிலா உண்மையிலேயே பெரிதா என்று அளந்தே பார்த்துவிடலாம். கோப்புத் தாளுக்குத் துளை போடும் பஞ்சரால் ஓர் அட்டையில் துளையிடுங்கள். சுமார் 6 மில்லிமீட்டர் இருக்கும். கண்ணிலிருந்து 65 சென்டிமீட்டரில் பிடித்தால் நிலா அதற்குள் அடங்கிவிடும். கை மடங்கினால் அளவு கெடும். அதனால் அட்டையில் நூல் கட்டி, மறுமுனை முடிச்சைக் கன்னத்தில் அழுத்திக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடாவிட்டால் துளை இரண்டாகத் தெரியும். எழும்போது ஒரு தரம், பின்னிரவு ஒன்றரை வாக்கில் உச்சிக்கு வந்ததும் ஒரு தரம் பாருங்கள். அதே துளை, அதே நிலா!

சரியாகச் சொன்னால் உச்சி நிலாதான் சுமார் 1.5 விழுக்காடு பெரிது. பூமியின் ஆரமான 6,400 கிலோமீட்டர் அளவுக்கு நமக்குக் கிட்ட வந்திருக்கும். காற்று மண்டலம் பூதக்கண்ணாடியாக வேலை செய்கிறது என்று இன்னும் சொல்லித் தருகிறார்கள், அது தவறு. காற்று நிலாவைச் சிவக்க வைக்கும், மேலும் கீழும் கொஞ்சம் அமுக்கும். பெரிதாக்காது.

புக்கிட் மெர்தாஜாம் அன்பர்:
அப்படியானால் பெரிதாக்குவது மூளைதான். கடல், கப்பல், கட்டடம் என்று நடுவில் நிறைய இருப்பதால் அடிவான நிலாவை மூளை வெகுதொலைவில் வைக்கிறது. விழித்திரையில் அளவு மாறவில்லை, தொலைவு மட்டும் கூடியதாகக் கணக்கு. ஆகவே பொருள் பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டுகிறது. 1962இல் காஃப்மன், ராக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நடுவிலுள்ள நிலப்பரப்பை மறைத்துக் காட்டியபோது, நிலா பெரிதாகத் தெரியும் இந்த மாயை பெரும்பாலும் மறைந்தது.

வீட்டிலேயே இதன் அடிப்படையைப் பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் சிவப்புத் தாள் வட்டத்தை 30 விநாடி உற்றுப் பாருங்கள். பார்வை அலைந்தால் பிம்பம் பதியாது. பிறகு கையிலுள்ள வெள்ளைத் தாளையும், மூன்று மீட்டர் தள்ளியுள்ள வெள்ளைச் சுவரையும் பாருங்கள். பச்சை கலந்த நீல வட்டம் சுவரில் பெரிதாகத் தெரியும். கண்ணில் பதிந்த பிம்பம் அதேதான், தொலைவு கூடியதால் பெரிதாகத் தெரிகிறது. சுவிஸ் கண் மருத்துவர் எம்மெர்ட் 1881இல் எழுதிய விதி இது.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. அடிவான நிலா கிட்டவா, தூரமா என்று கேட்டால் பெரும்பாலோர் 'கிட்ட' என்கிறார்கள். தொலைவுக் கணக்குக்கு இது நேர்மாறு. அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த விடை இல்லை.

ஜெலுத்தோங் அன்பர்:
படத்திலும் பெரிய நிலா வேண்டுமா? கட்டடத்தை விட்டுத் தள்ளிப் போய் ஜூம் செய்யுங்கள். 1 கிலோமீட்டரில் நிலாவின் அகலம் கட்டடத்தின் 9 மீட்டருக்குச் சமமாகத் தெரியும், 4 கிலோமீட்டரில் 36 மீட்டருக்கு. வெளிச்ச அளவைக் குறைத்துவிடுங்கள், இல்லையேல் நிலா வெள்ளைத் திட்டாகிவிடும்.